போர்முனை கண்டவரை மேடைக்கு அழைப்பது எப்படி?

வாசகர் கேள்வி, 27 ஜூலை 2024, காலை 9.15

கொடுங்கையூரில் எங்கள் தெரு நலச்சங்கத்தின் சார்பில் ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்றுகிறோம். எங்கள் தெருவிலேயே ஒரு முன்னாள் படைவீரர் இருக்கிறார். இலங்கைக்குப் போன அமைதிப்படையில் இருந்தவர். இந்த முறை அவருக்குப் பொன்னாடை போர்த்தி, போர்முனையில் பார்த்ததைப் பிள்ளைகளுக்குப் பத்து நிமிடம் சொல்லச் சொல்லலாம் என்று முடிவு செய்தோம். இரண்டு முறை வீட்டுக்குப் போய்க் கேட்டோம். காபி கொடுத்து உபசரித்தார், வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார். தன்னடக்கமா, எங்கள்மீது ஏதாவது கோபமா என்று புரியவில்லை. எப்படிக் கேட்டால் சம்மதிப்பார்?


27 ஜூலை 2024, இரவு 10.40

தன்னடக்கமும் இல்லை, கோபமும் இல்லை. தயவுசெய்து மூன்றாவது முறை போகாதீர்கள்.

என் அப்பாவும் அமைதிப்படையில் இருந்தவர்தான். சிக்னல்ஸ் பிரிவு, வயர்லெஸ் ஆபரேட்டர். 1989இல் ஊர் திரும்பினார். 17 ஆண்டு சர்வீஸ் முடித்து வந்து, இன்று கொருக்குப்பேட்டையில் எங்களோடு இருக்கிறார். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு எந்தக் குறையும் தெரியாது. காலையில் பேப்பர் படிப்பார், பேரனைப் பள்ளியில் விடுவார், ரேஷன் கடை வரிசையில் நிற்பார்.

ஆனால் தோண்டி மூடிய மண்ணை மிதிக்கமாட்டார். வடசென்னையில் இருப்பவர்களுக்கு இதன் பொருள் புரியும். குடிநீர்க் குழாய், கழிவுநீர், மழைநீர் வடிகால், மின்கேபிள் என்று ஏதோ ஒன்றுக்காக எங்கள் தெரு ஆண்டு முழுவதும் தோண்டப்பட்டுக்கொண்டே இருக்கும். மூடிய பள்ளத்தின்மேல் புது மண் மட்டும் நிறம் மாறித் தெரியும். அப்பா அந்த இடத்துக்கு வந்ததும் நின்றுவிடுவார். தாண்டவும் மாட்டார். திரும்பி, அடுத்த தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு வருவார். நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது அவரோடு பள்ளிக்குப் போகவே வெட்கப்படுவேன். சின்னப் பிள்ளைகள் சைக்கிளில் ஏறி மிதித்துக்கொண்டு போகும் மண்ணை, மீசை வைத்த ஒரு மனிதர் சுற்றிக்கொண்டு போகிறாரே என்று தோழிகள் சிரிப்பார்கள். "மழை பெய்தால் உள்வாங்கும் அம்மா, அதனால்தான்" என்று என்னிடம் காரணம் சொல்வார். கண்ணிவெடி என்ற சொல்லை அவர் வாயால் நான் கேட்டது பல வருடங்களுக்குப் பிறகு.

உங்கள் தெருக்காரருக்கும் இப்படி ஏதாவது இருக்கும். அதைப் பத்து நிமிடத்தில் மைக்கில் சொல்ல முடியாது.


28 ஜூலை 2024, காலை 7.05

ஒரு திருத்தம். 1989 என்று நேற்று எழுதியது தவறு. 1990 மார்ச். அம்மா படித்துவிட்டுச் சொன்னார்: "நீ பிறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை, அப்போதுதான் கப்பல் வந்தது."

தேதிகளைச் சரியாகவே எழுதிவிடுகிறேன். பிள்ளைகளுக்குச் சொல்ல உங்களுக்கும் பயன்படும். இந்திய இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது 1987 ஜூலை 29. மறுநாளிலிருந்தே நம் படை அங்கே இறங்கத் தொடங்கியது. இலங்கை அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் நடுவில் நின்று அமைதி காக்கப் போன நம் படைக்கும் அதே புலிகளுக்கும் அக்டோபர் 10ஆம் தேதி சண்டை மூண்டது. கடைசிப் பிரிவு திருகோணமலையிலிருந்து புறப்பட்டது 1990 மார்ச் 24. இந்த 32 மாதங்களில் ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் இறந்தார்கள்.

அவர்களில் ஒருவரின் பெயர் சென்னையிலேயே இருக்கிறது. சாலிகிராமத்தில் ஆற்காடு சாலையில் பரமேஸ்வரன் விஹார் என்ற பலகையைப் பார்த்திருப்பீர்கள். அது மேஜர் ராமசாமி பரமேஸ்வரன். 1987 நவம்பர் 25 அன்று யாழ்ப்பாணத்தில் இறந்தவர், பரம்வீர் சக்கரம் பெற்ற தமிழர். அந்தப் பலகையைத் தாண்டி எத்தனை முறை பஸ்ஸில் போயிருக்கிறேன், யார் என்று கேட்கவே தோன்றவில்லை.


28 ஜூலை 2024, மதியம் 1.30

பொன்னாடை வாங்கியாகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். துப்புரவுப் பணியாளர் யாருக்காவது போர்த்துங்கள். வீணாகாது.


28 ஜூலை 2024, இரவு 11.20

கப்பல் என்றதும் விட்டுப்போன ஒன்று நினைவுக்கு வந்தது. எழுதாமல் தூக்கம் வராது போலிருக்கிறது.

அந்தக் கப்பல்கள் வந்து சேர்ந்தது நம் துறைமுகத்துக்கு. கொருக்குப்பேட்டையில் பிறந்து வளர்ந்த ஒருவர், போர் முடிந்து தன் வீட்டிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் கரையிறங்குகிறார். அன்றைய முதல்வர் கருணாநிதி வரவேற்பு நிகழ்ச்சிக்குப் போகவில்லை. தமிழர்களைச் சுட்ட படையை வரவேற்க இயலாது என்பது அவர் நிலை. ஊரில் பாதிப் பேருக்கு மேல் அதே மனநிலையில்தான் இருந்தார்கள். அதை இன்று குறை சொல்ல நான் வரவில்லை. அந்த மனநிலை எங்கள் வீட்டுக்குள்ளேயும் இருந்தது. ஆயாவின் சொந்தத் தம்பி அப்பாவோடு இரண்டு வருடம் பேசவில்லை.

கரையிறங்கியவர்களை இராணுவ ரயிலில் ஏற்றினார்கள். ராயபுரம் தாண்டி, கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் அருகே சிக்னலுக்காக ரயில் நின்றுவிட்டது. இருபது நிமிடம். ஆயாவின் வீடு அங்கிருந்து நடந்தால் ஐந்து நிமிடம். நான் அந்த வீட்டுத் தொட்டிலில் இருந்தேன். இறங்க அனுமதி கிடையாது. கேட்டுக்குப் பக்கத்துச் சுவரில் அமைதிப்படையைத் திட்டிப் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. அந்தப் பெட்டியில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் அப்பா ஒருவர்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ராஜஸ்தான்காரர் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். சினிமா விளம்பரம் என்று சொல்லிவிட்டார் அப்பா.

இதை அவர் அம்மாவிடம்தான் சொல்லியிருக்கிறார். எனக்கு அம்மா சொன்னது.


30 ஜூலை 2024, இரவு 9.50

"உங்கள் அப்பாவுக்கு இரவில் கனவு வருமா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

கனவு வருமா என்று தெரியாது. எங்கள் வீட்டில் ஒரு விதி உண்டு, அதைச் சொல்கிறேன். அப்பா தூங்கும்போது யாரும் தொட்டு எழுப்பக் கூடாது. காலடிப் பக்கம் நான்கடி தள்ளி நின்று கூப்பிட வேண்டும். இது எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் இருக்கும் விதி. எல்லா வீட்டிலும் அப்பாக்களை இப்படித்தான் எழுப்புவார்கள் என்று வெகுநாள் நினைத்திருந்தேன்.

அம்மா அந்தக் காலத்து மனுஷி. கணவர் பெயரை வாயால் சொல்லமாட்டார். பள்ளியில் தந்தை பெயர் கேட்டால்கூட என்னைத்தான் சொல்லச் சொல்வார். பகலில் "என்னங்க"தான். ஆனால் நடு இரவில் அப்பா மூச்சு முட்டுவதுபோல் திணறினால், "என்னங்க" என்ற அழைப்பு அவரை எட்டாது. அப்போது அம்மா கட்டிலின் கால்மாட்டில் போய் நின்று, அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். இரண்டு முறை, மூன்று முறை. சத்தமாக, ஒரு மேலதிகாரி கூப்பிடுவதுபோல. அதற்கு மட்டும் எழுந்துகொள்வார். எழுந்ததும் செம்பிலிருக்கும் தண்ணீரைக் குடித்துவிட்டு, கதவுத் தாழ்ப்பாளை ஒரு முறை தொட்டுப் பார்த்துவிட்டுப் படுப்பார். காலையில் இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார்கள்.

அம்மா அந்தப் பெயரை உச்சரித்து நான் கேட்டதெல்லாம் இருட்டில்தான்.


31 ஜூலை 2024, இரவு 8.15

மேலே ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். யாழ்ப்பாணத்தில் அப்பாவிகளைக் கொன்றவர்களுக்கு மரியாதை ஒரு கேடா என்று. சிலர் அவரைத் திட்டியிருக்கிறீர்கள். திட்டாதீர்கள். அவர் சொல்லும் சம்பவங்கள் நடந்தவை. 1987 அக்டோபர் 21, தீபாவளி நாள். யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் நம் படை நுழைந்து சுட்டதில் நோயாளிகள், மருத்துவர்கள், செவிலியர்கள் என 60க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதைச் சொன்னால் படைவீரர்களை அவமதித்ததாக ஆகிவிடும் என்று நான் நினைக்கவில்லை. அப்பாவும் அப்படி நினைத்ததில்லை. அவர் இலங்கைக்குப் போனது அதற்குச் சில மாதங்களுக்குப் பிறகுதான். ஆனாலும் தீபாவளி அன்று எண்ணெய் தேய்த்துக் குளித்து எங்களோடு உட்கார்ந்து அவர் பலகாரம் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. அன்று டியூட்டி கேட்டு வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

2009 மே மாதம் தொலைக்காட்சியில் முள்ளிவாய்க்கால் காட்சிகள் ஓடின. எனக்கு 19 வயது. கல்லூரியில் எல்லோரும் கொதித்துப் போயிருந்தோம். அந்த ஆத்திரத்தில் அப்பாவிடம் கேட்டுவிட்டேன், நீங்கள் அங்கே போய் என்ன செய்தீர்கள் என்று. இன்றைக்கு நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன். அவர் ஒலியைக் குறைத்துவிட்டுச் சொன்னார். ஒரே ஒரு தடவைதான் சொன்னார்.

அவரை வடநாட்டுக் காலாட்படைப் பிரிவு ஒன்றோடு இணைத்திருந்தார்கள். அங்கே தமிழ் தெரிந்தவர் அவர் மட்டும். அதனால் வயர்லெஸ் பெட்டியையும் சுமந்துகொண்டு, வீடுகளைச் சோதனை போடும்போது முன்னால் நிற்க வேண்டிய வேலையும் அவருடையதானது. 1988இல் ஒரு மாலை, ஒரு வீட்டில் வயதான அம்மா ஒருவர் கதவைத் திறந்தார். தமிழில் பேசியதும் அவர் முகத்தில் பயம் குறைந்தது. எந்த ஊர் தம்பி என்று கேட்டார். மெட்ராஸ் என்றதும், சின்ன வயதில் வடபழனி கோயிலுக்கு வந்திருக்கிறேன் என்றார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே அவர் மகன் இருந்தான், பதினெட்டு வயது இருக்கும். விசாரிக்க வேண்டும், காலையில் அனுப்பிவிடுவோம் என்று அந்த அம்மாவிடம் சொல் என்றார் அதிகாரி. அப்பா சொன்னார். அந்த அம்மா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, நீ சொன்னால் சரி தம்பி என்றார்.

மறுநாள் விடிவதற்குள் அப்பாவின் பிரிவை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அந்தப் பையன் வீட்டுக்குத் திரும்பினானா இல்லையா என்பது அவருக்கு இன்றுவரை தெரியாது.

"இந்தியில் சொன்னது அவர். தமிழில் சொன்னது நான்" என்றார். அதோடு எழுந்து மொட்டைமாடிக்குப் போய்விட்டார்.


2 ஆகஸ்ட் 2024, மாலை 6.30

மருத்துவரைப் பார்க்கவில்லையா என்று நான்கு பேர் கேட்டிருக்கிறீர்கள்.

பார்த்தோம், மிகத் தாமதமாக. வடசென்னையில் மனநல மருத்துவம் என்று சொன்னாலே "கீழ்ப்பாக்கம்" என்றுதான் சனங்கள் காதில் விழும். 1794இல் தொடங்கிய மருத்துவமனை அது, எத்தனையோ குடும்பங்களைக் காப்பாற்றியிருக்கிறது. நாமோ அந்த ஊர்ப் பெயரையே வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம். கணவருக்குக் கீழ்ப்பாக்கத்தில் வைத்தியம் என்று தெரிந்தால் மகளுக்கு யார் பெண் கேட்டு வருவார்கள் என்று அம்மா பயந்தார். முதலில் போன வேறொரு மருத்துவமனையில் அப்பாவின் முகத்தைக்கூடப் பார்க்காமல் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். மாத்திரை போட்டால் அம்மா கூப்பிடும்போது எழ முடிவதில்லை, அந்தத் திணறலுக்குள்ளேயே கிடக்க வேண்டியிருக்கிறது என்று நிறுத்திவிட்டார். இரண்டாவதாகப் பார்த்த அம்மையார்தான் இதற்குப் பெயர் இருக்கிறது, போர் பார்த்தவர்களுக்கு உலகமெங்கும் வருகிறது, உங்கள் மனம் கெட்டுப்போகவில்லை என்று உட்காரவைத்துப் பேசினார். அப்பா கேட்ட முதல் கேள்வி: "மற்றவர்களுக்கும் இருக்கிறதா?"

இதைப் படிப்பவர்கள் வீட்டில் யாராவது இருந்தால், 14416 என்ற எண் இருக்கிறது. டெலி மானஸ், 2022 அக்டோபரில் தொடங்கிய அரசுச் சேவை, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். தமிழ்நாட்டின் 104இலும் ஆலோசனை சொல்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஓய்வுபெற்று வந்ததும் ஒரு வங்கியில் காவலாளி வேலை கிடைத்தது. முன்னாள் படைவீரர்களுக்கு வழக்கமாகக் கிடைக்கும் நல்ல வேலை. துப்பாக்கி பிடித்து நிற்க வேண்டும் என்றதும் வேண்டாம் என்று வந்துவிட்டார். மணலிப் பக்கம் ஒரு சரக்குப் பெட்டக முனையத்தில், வாசலில் லாரி எண் எழுதும் வேலைக்குப் போனார். சம்பளம் பாதிக்கும் கீழே. என் கல்லூரிக் கட்டணத்துக்கு அம்மா வளையலை அடகு வைத்தார். அன்று வீட்டில் நடந்த சண்டையில் நானும் அம்மா பக்கம்தான் நின்றேன்.


4 ஆகஸ்ட் 2024, காலை 11.00

முதல் நாள் நான் எழுதியதைத் திரும்பப் படித்தேன். மூன்றாவது முறை போகாதீர்கள் என்று அடித்துச் சொல்லியிருக்கிறேன். அது முழுவதும் சரியில்லை.

நேற்றுத் திருவொற்றியூரில் உறவினர் வீட்டு விசேஷத்தில் ஒரு பெரியவரைப் பார்த்தேன். 1971 போரில் கிழக்குப் பகுதியில் இருந்தவர், இருபது வயதுப் பையனாகப் போனவர். இவருடைய போருக்கு டிசம்பர் 16 என்று ஒரு வெற்றி நாள் இருக்கிறது, 93,000 பேர் சரணடைந்த கணக்கு இருக்கிறது. நிறையப் பேசியிருப்பார் என்று நினைத்துக் கேட்டேன். என்னைப் பார்த்தவர், "ஐம்பது வருடத்தில் யாரும் உட்கார்ந்து கேட்டதில்லை அம்மா. எல்லோரும் ஜெயித்தோமா என்று கேட்பார்கள், ஆமாம் என்றால் போய்விடுவார்கள்" என்றார். இரண்டு மணி நேரம் பேசினார். வெற்றியைப் பற்றி ஐந்து நிமிடம்கூட இல்லை. பக்கத்தில் விழுந்த தன் நண்பனின் டிபன் பாக்ஸில் பாதி ரொட்டி மிச்சம் இருந்ததைப் பற்றியும், பசியில் தான் அதைச் சாப்பிட்டதைப் பற்றியும்தான் பேசினார். சாப்பாட்டுப் பந்தி ஆறிப்போனது. அவர் கண்கள் துடைக்கத் துடைக்க நிரம்பின, ஆனாலும் நிறுத்தவில்லை.

எங்கள் வீட்டில் அப்பா பேசமாட்டார் என்று நாங்களே முடிவு கட்டி, 2009க்குப் பிறகு நான் ஒரு தடவைகூட அவர் அருகில் போய் உட்காரவில்லை. அதை மரியாதை என்று எண்ணிக்கொண்டேன். எனக்குப் பயம், அவ்வளவுதான்.

ஆகவே போங்கள். பத்துப் பேராகப் போகாதீர்கள், ஒருவர் போங்கள். விழா, மேடை, மைக் எதையும் பேசாதீர்கள். அவராகச் சொன்னால் கேளுங்கள். நடுவில் "பெருமையாக இருக்கிறது ஐயா" என்று சொல்லி முடித்துவைக்காதீர்கள்.


5 ஆகஸ்ட் 2024, இரவு 10.10

இன்று இவை அனைத்தையும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அவரைக் கேட்காமல் எழுதியது தவறு. ஜூலை 31ஆம் தேதிக் குறிப்பை வாசிக்கும்போது எனக்குக் குரல் நடுங்கியது. நீக்கச் சொன்னால் நீக்கிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்துக்கொண்டே கேட்டார். முடிந்ததும் இரண்டு திருத்தம் சொன்னார். தண்ணீர் இல்லை, மோர், உப்புப் போட்ட மோர். இரண்டாவது, காலையில் அனுப்பிவிடுவோம் என்றுதான் அதிகாரி சொல்லச் சொன்னார். "நிச்சயமாக" என்ற சொல்லைத் தானே சேர்த்ததாகச் சொன்னார். அந்த அம்மா அழுதுவிடக் கூடாதே என்று சேர்த்தாராம்.

இத்தனை வருடம் அதைச் சொல்லவில்லை. நீக்க வேண்டாம், திருத்தத்தையும் எழுது என்றார். எழுதிவிட்டேன்.


6 ஆகஸ்ட் 2024, காலை 6.45

கேட்டவர்களுக்காக: அமைதிப்படைக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது. கொழும்பை அடுத்த பத்தரமுல்லையில். இறந்த வீரர்களின் பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். 2015 மார்ச்சில் பிரதமர் மோடி அங்கே அஞ்சலி செலுத்தினார். டெல்லியில் 2019 பிப்ரவரியில் திறந்த தேசியப் போர் நினைவுச்சின்னத்திலும் அந்தப் பெயர்கள் உண்டு. அப்பா இரண்டையும் பார்த்ததில்லை. டெல்லிக்காவது அழைத்துப் போகவா என்று கேட்டேன். குளிர் குறையட்டும் என்றார். ஆகஸ்டில் டெல்லியில் ஏது குளிர்? நான் வற்புறுத்தவில்லை.

தமிழில் மார்பில் பட்ட காயத்துக்கு விழுப்புண் என்று பெயர், முதுகில் பட்டால் புறப்புண். இறந்தவனுக்கு நடுகல். இறக்காமல், மார்பிலும் முதுகிலும் தழும்பில்லாமல் திரும்பி வந்தவனுக்கு என்ன பெயர் என்று நேற்று இரவு வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.


9 ஆகஸ்ட் 2024, இரவு 9.00

உங்கள் பதிவைப் பார்த்தேன். தனியாகப் போய் ஒரு மணி நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தீர்கள், அவர் முருங்கை மரத்தைப் பற்றியும் கடன் கொடுத்து ஏமாந்ததைப் பற்றியும் மட்டுமே பேசினார் என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது. அதை வீண் என்று நினைக்காதீர்கள்.

எழும்பும்போது, போன வருடம் உங்கள் கொடி நடுவில் சிக்கிக்கொண்டதைச் சொல்லி அவர் சிரித்தாராமே. அதை அப்பாவிடம் சொன்னேன். "கொடியை மடித்துக் கட்டித் தரச் சொல்லிக் கேட்கச் சொல்" என்றார் உடனே. பேசச் சொன்னால் வராதவர், வேலை இருக்கிறது என்றால் வருவார் என்கிறார். பிறகு தன் துண்டை எடுத்து எனக்குச் செய்து காட்டினார். நீளவாக்கில் மடிப்பு, காவி வெளியே தெரியும்படி. பூ இதழ்களை அதிகம் வைக்கக் கூடாது, ஒரு கைப்பிடி போதும், ஈரப்பூ வைத்தால் துணியில் ஒட்டிக்கொள்ளும். கயிற்றின் கடைசிச் சுற்றை உள்ளே இறுக்கி இழுத்துவிடாமல் காதுபோல் மடக்கி விட வேண்டும், அப்போதுதான் ஒரே இழுப்பில் அவிழும். விரல்கள் இப்போது லேசாக நடுங்குகின்றன. ஆனால் அந்த முடிச்சை அவர் கண்ணால் பார்த்துப் போடவில்லை. என்னைப் பார்த்துப் பேசிக்கொண்டே போட்டார்.


15 ஆகஸ்ட் 2024, இரவு 8.40

படம் அனுப்பியதற்கு நன்றி. காலை ஆறு மணிக்கே வந்து, யாரோடும் பேசாமல், கம்பத்தைச் சுற்றி ஒரு முறை நடந்து பார்த்து, கயிற்றின் பழைய பகுதியை வெட்டி எறிந்துவிட்டுக் கட்டிக் கொடுத்தார் என்கிறீர்கள். கொடி ஏறியபோது கூட்டத்தின் கடைசி வரிசையில் நின்று சல்யூட் வைத்தார், பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுக்கும்போது பார்த்தால் ஆளைக் காணவில்லை. போகட்டும், தேடாதீர்கள்.

அப்பாவிடம் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, செல்போனைக் கிட்டே வைத்துப் பார்த்தார். அந்த மனிதரின் முகத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பார் என்று நினைத்தேன். கயிற்றைத்தான் பார்த்தார்.

"ஒரே இழுப்பில் அவிழ்ந்ததா என்று கேள்" என்றார்.

கேட்கிறேன். அவிழ்ந்ததா?